நாலாவது பிளக்

முதலாவது வந்துவிட்டது. உரக்கச் சொல்லவில்லை. சொன்னால் மிச்சம் மூன்றுக்கும் காதில் விழுந்து வீம்பு பிடிக்கும், இந்த வீட்டில் வீம்புக்கு என்றைக்கும் பஞ்சம் இருந்ததில்லை. உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறேன். நடுவிரல் அளவுதான், கழுத்தில் மரை, நுனியில் கரி, இதற்கா எனக்கு இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. டீசல் எஞ்சினுக்குத் தீப்பொறி கிடையாது, உள்ளே காற்று சூடானால்தான் டீசல் பற்றும், குளிர்ந்த காலையில் அந்தச் சூட்டைக் கொடுக்கிற வேலை இந்த ஹீட்டர் பிளக்குகளுடையது, ஒரு எஞ்சினுக்கு நாலு பேர். சாவியை ஒரு திருப்புத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தால் நாலு நுனியும் உள்ளே கங்கு மாதிரி சிவக்கும், பிறகு இன்னொரு திருப்பு, வண்டி கிளம்பும். காத்திருக்கத் தெரியாதவனுக்கு டீசல் வண்டி எதற்கு என்பார் அவர். அவர் என்றால் ஆதிமூலம், என் வீட்டுக்காரர், கோத்தகிரிப் பக்கம் இந்த மலைச்சரிவில் இந்த ஜீப்பை முப்பது வருஷத்துக்கு மேல் ஓட்டியவர், இப்போது அதே ஜீப்பில் ஸ்டியரிங் பக்கம் இல்லாமல் பக்கத்து சீட்டில், சால்வையும் குரங்குக் குல்லாவுமாக உட்கார்ந்திருக்கிறார். வீட்டுக்குள் படுங்கள் என்றால் கேட்டால்தானே. திறந்த பானெட் எங்கள் நடுவில் சுவராக நிற்கிறது, முகம் தெரியவில்லை, குரல் மட்டும் வருகிறது. "வந்துருச்சா?" "என்னது?" "கீச்சுன்னு ஒரு சத்தம் கேட்டுச்சே." "காது மட்டும் நல்லாத்தான் இருக்கு உங்களுக்கு." "காதுக்கு டயாலிசிஸ் தேவையில்ல ராணி, அது பாட்டுக்கு ஓடும்." யோகராணி என்று முழுசாகக் கூப்பிட்டால் கோபம் என்று அர்த்தம், ராணி என்றால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். இப்போதைக்கு ராணிதான்.

சரியாக இருக்க வேண்டும், சாமி. நாளைக்குத் திங்கட்கிழமை. திங்களும் வியாழனும் குன்னூர் ஆஸ்பத்திரியில் அவர் ரத்தத்தை மிஷினில் விட்டுச் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுகிற நாள், காலையில் முதல் ஆளாகப் போய்ப் படுத்தால்தான் மத்தியானம் வீட்டுக்கு வரலாம். போன வியாழக்கிழமை பனி இறங்கி ரோட்டோரப் புல்லெல்லாம் உப்புத் தூவினது போல இருந்தது. நான் சாவியைத் திருப்பிப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன், திருப்பினேன், எஞ்சின் உருண்டது, உருண்டது, வெள்ளைப் புகையாக இருமியது, கிளம்பவில்லை. பேட்டரியும் முனக ஆரம்பித்துவிட்டது. நான் ஹாரனை அடித்த அடியில் கீழே எஸ்டேட் லைனில் எல்லா வீட்டுக் கதவும் திறந்தது. ஒருத்தர் வாயில் பிரஷோடு, ஒருத்தர் குளிக்கப் போன துண்டோடு, ரெண்டு பொம்பளைகள் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டே, எல்லாரும் வந்து பின்னால் கை வைத்துத் தள்ளினார்கள். முன்னால் நின்று சத்தம் போட்டது ஜீப்பு. ஜீப்பு என்பது ஒரு ஆள். பிரேம்குமார் என்று ரேஷன் கார்டில் இருக்கிறது, யாருக்கும் அது ஞாபகமில்லை, அவன் அம்மா செபஸ்தி குன்னூர் போகிற வழியில் இந்த வண்டியின் பின் பெஞ்சில் அவனைப் பெற்றதால் அவன் பெயர் ஜீப்பு, இப்போது அவனுக்கே கல்யாணமாகிப் பிள்ளை இருக்கிறது. "அக்கா, செகண்டுல போட்டு க்ளட்ச்ச விடுங்க, நான் பொறந்த வண்டிக்கா, என்னைய ஏமாத்தாது" என்று கத்தினான். இறக்கம் முடிகிற பாலத்துக்கு இந்தப் பக்கம் வண்டி ஒரு குலுக்குக் குலுக்கிக் கிளம்பியது. கிளம்பியிருக்காவிட்டால் பாலத்தைத் தாண்டி ஏற்றம், ஏற்றத்தில் யார் தள்ளுவது. கண்ணாடியில் பார்த்தேன், எல்லாரும் கையை ஆட்டிக்கொண்டு நின்றார்கள், துண்டுக்காரர் உட்பட. நன்றி என்று ஒரு வார்த்தை சொல்ல வண்டியை நிறுத்த முடியவில்லை, நிறுத்தினால் மறுபடி தள்ள வேண்டும். அந்த வார்த்தை இன்னும் தொண்டையிலேயே இருக்கிறது, இன்றைக்கு ஸ்பேனர் பிடித்திருக்கிற கையில் இருப்பது அதுதான் என்று நினைக்கிறேன்.

இரண்டாவது. எண்ணெய் விட்டு ஊற வைத்தது நேற்று முந்தாநாள் இரண்டு நாளும், மத்தியான வெயிலில் வண்டியைக் கிளப்பி மேல் வளைவு வரை ஒரு சுற்றுப் போய்வந்து எஞ்சினைச் சூடாக்கினது, பேட்டரி வயரைக் கழற்றினது, பிளக்குகளை இணைக்கிற பட்டையை எடுத்தது, எல்லாம் சிரில் சொன்னபடி. சிரில் டவுனில் மெக்கானிக், நல்ல பிள்ளை, ஆனால் இதைத் தொட மாட்டேன் என்றுவிட்டான். "அக்கா, இது பழைய எஞ்சின். பிளக்கு உள்ள துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டிருக்கும். திருகுறப்ப பாதி கையோட வந்து பாதி உள்ள நின்னுச்சுன்னா எஞ்சின் ஹெட்டயே கழட்டி இறக்கணும், லேத்துக்குக் கோயம்புத்தூர் அனுப்பணும், பத்து நாள் வண்டி நிக்கும். அப்புறம் நான் அண்ணன் மூஞ்சில எப்படி முழிப்பேன்?" அப்படியென்றால் நான் கழற்றி உடைத்தால் பரவாயில்லையா என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. புது பிளக் நாலும், நீளமான பாக்ஸ் ஸ்பேனரும், சின்ன டப்பாவில் கிரீஸும் எடுத்துக் கொடுத்தான். "உங்க கை அவசரப்படாதுக்கா, என் கை பத்து வண்டியப் பாக்குற கை. ஒண்ணே ஒண்ணு. திருகுறப்ப கல்லு மாதிரி நின்னா பொறுங்க, ஊறட்டும். ரப்பரு மாதிரி இழுத்துச்சுன்னா உடனே விட்டுடுங்க, அது கழலல, முறுக்கிக்குது, அடுத்து ஒடஞ்சிரும்." கல் என்றால் பொறு, ரப்பர் என்றால் விடு. ரெண்டு நாளாக இதையே ஜபம் மாதிரி சொல்லிக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் திருப்பு, திரும்பக் கொஞ்சம் இறுக்கு, ஒரு சொட்டு எண்ணெய், மறுபடி. இரண்டாவது முனகுகிறது. முனகினால் நல்லது, பேசாமல் இருப்பதுதான் ஆபத்து, மனிதர்களும் அப்படித்தான். பத்து நாள் வண்டி நின்றால் என்ன ஆகும் என்று நினைக்கக் கூடாது என்று நினைக்கிறேன், நினைக்கிறேன்.

மழையில் மண் சரிந்து ரோடு அடைத்த ஒரு வாரம், ஒரே ஒரு தடவைதான் டயாலிசிஸ் தவறிப்போனது. ஒரே தடவை. கால் முதலில் வீங்கியது, பிறகு முகம், பிறகு அவரால் படுக்க முடியவில்லை, படுத்தால் மூச்சு முட்டுகிறது, நான் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து அவரைச் சாய்த்துப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவர் மூச்சு உள்ளே போவதும் வருவதும் என் நெஞ்சிலேயே தெரிந்தது, ஈரத் துணியைப் பிழிகிற மாதிரி ஒரு சத்தம். ரோட்டை ஒதுக்கினவுடன் இதே ஜீப்தான் சேற்றில் இறங்கிப் போனது. ஆம்புலன்ஸ் வராது என்று நான் சொல்லவில்லை, வரும், வந்திருக்கிறது, அவர்கள் நன்றாக இருக்கட்டும், ஆனால் உயிர் போகிற அவசரத்துக்கு வருவது வேறு, வாரம் ரெண்டு தடவை வாசலில் நிற்பது வேறு. பஸ்ஸில் அவரால் நிற்க முடியாது, திரும்பி வரும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும், நீட்டிப் படுக்க இந்தப் பின் பெஞ்சு வேண்டும். ஜீப்பைப் பெற்றெடுத்த பெஞ்சு. செபஸ்தி அன்றைக்கு வலியில் என் கையை நசுக்கிக்கொண்டே, "என்னடி ராணி, உங்க வண்டி கோயில் மாதிரி மணக்குது, நான் மாதா கோயிலுக்குத்தானே போறவ" என்றாள். சிரிப்பு வந்து, அடுத்த வலியும் வந்து, பிள்ளையும் வந்துவிட்டது. எல்லாரும் சொல்வார்கள், ஏற்றம் ஏறும்போது இந்த வண்டியில் சந்தனம் மணக்கும் என்று. முன்னால் வைத்திருக்கிற முருகன் படத்துக்குப் போடுகிற ஊதுபத்தி என்று நினைத்துக்கொள்வேன். கீச். இதோ, இரண்டாவது கையோடு வருகிறது, முழுசாக, நுனி வரை. "ரெண்டு" என்றேன், இந்தத் தடவை உரக்கவே. "எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

மூன்றாவதின் தலையில் மஞ்சளாக ஒரு புள்ளி இருக்கிறது. முதல் இரண்டிலும் இருந்தது. ஆயுத பூஜைப் பொட்டு. வருஷா வருஷம் வண்டியைக் கழுவி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, பானெட்டுக்கு மாலை போட்டு, எல்லாரும் ஸ்டியரிங்குக்கும் கண்ணாடிக்கும் பொட்டு வைத்து விட்டுவிடுவார்கள், இவர் மட்டும் பானெட்டைத் திறந்து நாலு பிளக்குக்கும் தனித்தனியாகச் சந்தனம் வைப்பார். பழையதைத் துடைத்து, புதுசு வைத்து, அதன் நடுவில் குங்குமம். சந்தனம் அரைத்துக் கொடுப்பது நான். "நம்மளக் கூட்டிட்டுப் போறது டயரு இல்ல, இந்த நாலு பேருதான்" என்பார். யாருக்கும் நன்றி என்று வாயைத் திறந்து சொன்ன மனுஷன் இல்லை. எனக்கும்தான். கல்யாணமான புதுசில் பார்த்துப் பார்த்து ஒன்று சமைத்தால் தட்டைக் கழுவி வைப்பார், அதுதான் பாராட்டு. பிளக்குக்குப் பொட்டு வைக்கிற ஆளுக்குப் பெண்டாட்டியிடம் ஒரு வார்த்தை வராது, சரி போகட்டும், ஊரில் எத்தனை பேர் தட்டைக்கூடக் கழுவுவதில்லை. மூன்றாவது கல்லாக நிற்கிறது. பொறு. எண்ணெய் விட்டுவிட்டு எட்டிப் பார்த்தேன், டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருக்கிறார், குடிக்கவில்லை. அவருக்கு ஒரு நாளைக்கு அளவுத் தண்ணீர்தான், காலையில் பாட்டிலில் பிடித்து வைத்துவிடுவேன், அதற்குள் டீயும் ரசமும் மாத்திரை முழுங்குவதும் அடக்கம். ஒரு வாய் வைத்துக்கொண்டு முழுங்காமல் வெகுநேரம் வைத்திருப்பார், நாக்கு நனைந்தால் போதும். ஆத்துல போட்டாலும் அளந்து போடு என்று சொல்லிச் சிரிப்பார், தண்ணீரையே அளந்து குடிக்கிற ஆள். எனக்கு அந்தச் சிரிப்பைப் பார்க்கத்தான் தாங்காது. நான் குடிக்கும்போது திரும்பி நின்று குடிப்பேன், அது அவருக்குத் தெரியும், தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ள மாட்டார்.

கல் அசைந்தது. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகரும், மூன்றாவதும் நகர்ந்தது. நகரும்போது எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் சிரிப்பார்கள், பேரப்பிள்ளை பிறந்தால்கூட இவ்வளவு வருமா தெரியாது. இந்தக் கை மூன்று வருஷத்துக்கு முன்னால் தேயிலைக் கொழுந்து மட்டும்தான் கிள்ளிக்கொண்டிருந்தது. சிறுநீரகம் ரெண்டும் போய்விட்டது என்று டாக்டர் சொன்ன அன்றைக்குத் திரும்பி வரும்போது அவர்தான் ஓட்டினார், பாதி வழியில் ஓரங்கட்டி நிறுத்திவிட்டு, இறங்கி இந்தப் பக்கம் வந்து, "நகரு, நீ ஓட்டு" என்றார். எனக்கு ஓட்டத் தெரியாதே என்றேன். "எனக்கும் சாகத் தெரியாது, ரெண்டு பேரும் கத்துக்க வேணாம், நீ மட்டும் கத்துக்க" என்றார். அழுதுகொண்டே முதல் கியர் போட்டேன். இப்போது லாரிக்காரன் எதிரில் வந்தாலும் நான்தான் ஒதுங்காமல் நிற்பேன். அதுக்கும் முன்னால், ரொம்ப முன்னால், அவர் இந்த வண்டியை வாங்கின புதுசில் நாலாவது பிளக் செத்துப்போய்க் கிடந்தது, மாற்ற வசதியில்லை, ராத்திரியில் யாராவது வலி, ஆஸ்பத்திரிக்குப் போகணும் என்று கதவைத் தட்டினால் வண்டி கிளம்பாது. நான் அடுப்பிலிருந்து தணலைத் தகரத் தட்டில் அள்ளி, எஞ்சினுக்கு அடியில் எண்ணெய்த் தொட்டிக்குக் கீழே தள்ளிவிட்டு, சேலையைச் செருகிக்கொண்டு விசிறுவேன், எண்ணெய் இளகினதும் வண்டி கிளம்பும். அவர் ஒன்றும் பேசாமல் போய்விடுவார். நான் தட்டை இழுத்துக்கொண்டு உள்ளே போவேன். அவ்வளவுதான், அதில் சொல்ல என்ன இருக்கிறது. மூன்றாவது வந்துவிட்டது. "மூணு!" "சரி. நாலாவதுதான் வில்லன்" என்றார். இந்தத் தடவை ராணி என்று சேர்க்கவில்லை.

நாலாவது கடைசியில், தடுப்புத் தகட்டை ஒட்டிக் குழிக்குள் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாது. கையை விட்டுத் தடவித்தான் ஸ்பேனரை மாட்ட வேண்டும். மாட்டினேன். திருப்பினேன். கல். பொறுத்தேன். திருப்பினேன். கல். உடம்புச் சாய்மானத்தைக் கொடுத்துத் திருப்பினேன், அப்போது அது கொடுத்தது, மெத்தென்று, இனிப்பாக, எனக்கு ஒரு நொடி சந்தோஷம் வந்தது, அந்த ஒரு நொடிக்குப் பிறகுதான் புரிந்தது. ரப்பர். கையை எடுத்துவிட்டேன், சுட்ட மாதிரி. ஸ்பேனர் தானாகத் திரும்பிப் பழைய இடத்துக்கு வந்து நின்றது. உடைந்துவிட்டதா? உடைந்திருந்தால் திரும்பி வந்திருக்காது. வந்திருக்குமா? சிரிலிடம் கேட்கவில்லையே. பத்து நாள். நாளைக்குத் திங்கள், பிறகு வியாழன், பிறகு திங்கள். ஈரத் துணி பிழிகிற சத்தம். பம்பர்மேல் உட்கார்ந்துவிட்டேன். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தேனோ, மூன்று மட்டும் புதுசு போட்டால் போதும் என்று விட்டிருக்கலாமே, மூன்று பிளக்கில் கிளம்பாதா, அந்தக் காலத்தில் மூன்று பிளக்கில்தானே ஓடியது, ஓடியது, ஆனால் தணல் வைத்துத்தானே ஓடியது, இப்போது வீட்டில் கேஸ் அடுப்பு, தணலுக்கு எங்கே போவேன். "யோகராணி" என்றது குரல். முழுப் பெயர். "என்ன சத்தத்தையே காணோம்?" "ஒண்ணுமில்ல." "ஒண்ணுமில்லைன்னா நீ பாடுவ." அந்த நிமிஷம் அவர்மேல் அவ்வளவு கோபம் வந்தது. பிறகு கோபம் அவர்மேல் இல்லை என்று தெரிந்தது. டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு, முகம் பார்க்கிற கண்ணாடியைச் சரித்துக் குழிக்குள் காட்டிப் பார்த்தேன். நான் இரண்டு நாளாக விட்ட எண்ணெய் கீழே இறங்கவே இல்லை, குழிக்குள் குட்டையாக நின்றுகொண்டிருந்தது. மற்ற மூன்றிலும் உறிஞ்சிவிட்டதே. இதில் ஏதோ அடைத்திருக்கிறது. கொண்டை ஊசியை உருவி, விட்டுச் சுரண்டினேன், சிமெண்டு மாதிரி இறுகின ஏதோ ஒன்று, தூள் தூளாக, முதலில் கருப்பு, பிறகு செங்கல் நிறம், பிறகு வெளிர் மஞ்சள், மறுபடி செங்கல், மறுபடி மஞ்சள். துரு இப்படி அடுக்கடுக்காக வராது. ஊசி நுனியை மூக்கருகே கொண்டுவந்தேன். சூடான இரும்பு, டீசல், அதற்குள்ளிருந்து கோயில்.

ஒரு காகிதத்தில் அந்தத் தூளை வழித்துப் போட்டு அவரிடம் போய் நீட்டினேன். "இது என்னன்னு சொல்லுங்க." முகர்ந்தார். குல்லாவுக்குள் முகம் சின்னப்பிள்ளை மாதிரி ஆனது. "சந்தனம்." "எத்தன வருஷத்துச் சந்தனம்?" "கண்ணுக்குத் தெரியாத எடம், துடைக்க முடியாது. தடவிப் பாத்து மேலயே வச்சிருவேன்." "மேலயே வச்சு வச்சு, ஈரத்தக் கட்டி, துருவ ஏத்தி, எண்ணெய் இறங்க விடாம, சாமி கும்பிட்டே எஞ்சின அடைச்சிருக்கீங்களே! உலகத்துல யாராவது செய்வாங்களா?" சொல்லச் சொல்ல எனக்குச் சிரிப்பு முட்டியது, பயத்துக்கு மேல் சிரிப்பு, நிறுத்த முடியவில்லை. செபஸ்தியும், இந்த வண்டியில் ஏறின அத்தனை நோயாளிகளும் முகர்ந்தது இதைத்தான், ஊதுபத்தியை இல்லை. அவர் சிரிக்கவில்லை. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். "மத்த மூணுக்கும் ஒரு பொட்டுதான். இதுக்குக் கொஞ்சம் கூடத்தான் வைப்பேன்" என்றார். "ஏன், இது என்ன, மூத்த பிள்ளையா?" காகிதத்தைத் தூள் சிந்தாமல் மடித்தார். "வாங்கினப்ப இதுதான செத்துக் கிடந்துச்சு. நீ தணல் கொண்டாந்து வைப்ப. இதோட வேலைய நீதான் செஞ்ச. புதுசு மாட்டின பிறகும் எனக்கு இது உன் பிளக்குதான். ஒவ்வொரு வருஷமும் உன் பேரச் சொல்லித்தான் வச்சேன்." நான் பானெட்டுக்குப் பின்னால் வந்துவிட்டேன். நல்லவேளை அந்தச் சுவர் இருந்தது. முப்பது வருஷமாக வாயைத் திறந்து சொல்லாததெல்லாம் இங்கேதான் அடுக்கடுக்காக இருந்திருக்கிறது, நான் அதன்மேல் உட்கார்ந்து குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் போய்க்கொண்டிருந்திருக்கிறேன், தட்டுக் கழுவுவதை எண்ணிக்கொண்டு. பேச்சில்லாத மனுஷன் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்.

எண்ணெயைத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, கெட்டிலில் வெந்நீர் வைத்துக் கொண்டுவந்தேன். எண்ணெய்க்கு அசையாதது வெந்நீருக்கு இளகும், சந்தனம்தானே. கரண்டியால் கொஞ்சமாக ஊற்றி, ஊற வைத்து, ஒற்றி எடுத்து, ஊசியால் சுற்றிச் சுற்றிச் சுரண்டினேன், ஒரு பொடிகூட உள்ளே விழாமல் சைக்கிள் பம்பால் ஊதினேன், அடியில் இரும்பின் நிறம் தெரிந்த பிறகு எண்ணெய் விட்டேன். இப்போது குட்டையாக நிற்கவில்லை, கண்ணெதிரில் இறங்கியது. நன்றி என்றேன், எண்ணெய்க்குத்தான் சொன்னேன், யாருக்குச் சொன்னால் என்ன. தேயிலைக்கு மேல் மூடுபனி ஏறிவர ஆரம்பித்திருந்தது. பதறாத காரியம் சிதறாது, அவசரப்படாமல் டீ போட்டேன், அவர் பங்கை அளந்து ஊற்றினேன், அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். இடது கை. டயாலிசிஸ் ஊசிக்காக உள்ளே ரத்தக் குழாய்களை இணைத்திருக்கிறார்கள், மேலே விரலை வைத்தால் உள்ளே கிர்ரென்று ஓடுவது தெரியும், எஞ்சின் ஓடும்போது பானெட்டில் கை வைத்த மாதிரி. அது ஓடுகிற வரைக்கும் நல்லது என்று நர்ஸ் பொண்ணு சொல்லிக் கொடுத்தது, தினம் விழித்தவுடன் முதல் வேலை அதைத் தொட்டுப் பார்ப்பதுதான். ஓடுகிறது. அந்தப் பொண்ணுக்கு நன்றி, அந்த மிஷினுக்கு நன்றி, தள்ளினவர்களுக்கு, சிரில் மாட்டேன் என்று சொன்னதற்கும் நன்றி, அவன் கழற்றியிருந்தால் இந்தச் சந்தனத்தைக் குப்பை என்று ஊதித் தள்ளியிருப்பான். எழுந்து போய் ஸ்பேனரை மாட்டினேன். கல். பொறுத்தேன். எதிர்ப்பக்கம் ஒரு இழை இறுக்கினேன், இந்தப் பக்கம் ஒரு இழை. ரப்பர் இல்லை. கல்தான், ஆனால் யோசிக்கிற கல். மறுபடி. மறுபடி. அப்போது டிக் என்று, விரல் சொடுக்கின மாதிரி ஒரு சத்தம், உடைந்ததா, திருப்பினேன், முனகிக்கொண்டு வந்தது, இழை இழையாக, மரை மரையாக, நுனியில் கரியோடு முழுசாக என் கையில் வந்து சூடாக உட்கார்ந்தது. நான் சொல்லவே இல்லை. "நாலு" என்று பானெட்டுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "ராணி" என்றும் வந்தது.

புதுசுகளுக்கு மரையில் கிரீஸ் தடவி விரலாலேயே திருகி, கடைசியில் மட்டும் ஸ்பேனர் வைத்து, இறுக்க வேண்டிய அளவு இறுக்கி, பட்டையையும் பேட்டரி வயரையும் திரும்ப மாட்டினேன். "வண்டி முகத்தத் திருப்பி ஏத்தம் பாத்து நிறுத்து, இனி எதுக்கு எறக்கம்" என்றார் அவர். நம்பிக்கை வேறு, இறக்கம் வேறு, இறக்கம் பார்த்தேதான் நிறுத்தினேன். விடிந்தபோது போன வியாழனைவிடப் பனி அதிகம், கண்ணாடியெல்லாம் வெள்ளை. ஜீப்பு கூப்பிடாமலே வந்து கையைத் தேய்த்துக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நின்றான், அவன் பெண்டாட்டியும் நின்றாள், துண்டுக்காரர் இன்றைக்கு ஸ்வெட்டரோடு நின்றார். என் வீட்டுக்காரரை ஏற்றி, பாட்டிலில் அன்றைக்கான தண்ணீரைப் பிடித்து, ஒரு டம்ளரில் கொஞ்சம் ஊற்றி மாத்திரையோடு கையில் கொடுத்துவிட்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன். சாவியைத் திருப்பிப் பிடித்தேன். காத்திருந்தேன். உள்ளே கண்ணுக்குத் தெரியாமல் நாலு நுனியும் சிவந்துகொண்டிருக்கும். நாலாவதும். இன்னொரு திருப்பு, வண்டி ஒரே உருட்டில் கிளம்பியது, ஜீப்பு தள்ளுவதற்காகத் தூக்கின கையை என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே தலைக்கு மேல் கொண்டுபோய்க் கும்பிட்டான். இந்தத் தடவை நான் கண்ணாடியை இறக்கி, கழுத்தை வெளியே நீட்டி, "நன்றிப்பா, எல்லாருக்கும் நன்றி!" என்று கத்தினேன். நிறுத்தினாலும் மறுபடி கிளம்புமே, அந்தத் தைரியம். திரும்பினால் அவர் மடியில் நேற்றைய காகிதத்தைப் பிரித்து வைத்திருந்தார், சந்தனத் தூளை வீசவே இல்லை. "ஆயுத பூஜைக்கு இன்னும் எவ்வளவோ நாள் இருக்கு. பிளக்குக்கு இனிமே ஒரு சொட்டு வைக்க விடமாட்டேன், ஆமா" என்றேன். "பிளக்குக்கு யாரு வைக்கிறா?" என்றவர் டம்ளரைச் சாய்த்துத் தூளின் மேல் தண்ணீரை விட்டார். ஒரு வாய்த் தண்ணீர், முழுங்காமல் அவ்வளவு நேரம் வைத்திருக்கிற அந்த ஒரு வாய். "ஐயோ, இன்னைக்குண்டான தண்ணிங்க அது, வீணாக்காதீங்க" என்றேன். அவர் விரலால் குழைத்தார், இந்தப் பக்கம் குனி என்று கண்ணால் சொன்னார். குனிந்தேன். நெற்றியில் ஈரமாக, டீசல் வாசனையோடு பட்டது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது, க்ளட்ச்சை மிதித்து முதல் கியரைப் போட்டேன்.